புது துப்பாக்கிக்கு எதுக்கு அரம்?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிற ஒருத்தர் பல நூறு டாலர் கொடுத்து புதுசா ஒரு லிவர் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குகிறார்னு வெச்சுக்கோங்க. பெட்டியைத் திறந்து பார்த்தா, பேரல் முனையில் இருக்கிற சைட் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. மரக்கட்டையும் இரும்பும் சேருகிற இடத்துல நகம் நுழையற அளவுக்கு இடைவெளி. லிவரை இழுத்தா மணலை அரைக்கிற மாதிரி சத்தம். ரெண்டாவது தோட்டா பாதி வழியில சிக்கிக்கிட்டு மேலேயும் வர மாட்டேங்குது, கீழேயும் போக மாட்டேங்குது.

இப்போ அவர் என்ன பண்ணணும்?

அங்கே நிறைய பேர் பண்ணுவது இதுதான்: துப்பாக்கியைக் கழற்றி மேஜை மேல பரப்பி வெச்சு, சின்ன அரத்தை எடுத்து பிசிறைத் தேய்ச்சு, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, எண்ணெய் விட்டு மாட்டிடுவாங்க. "இப்போ வெண்ணெய் மாதிரி ஓடுது" என்று பெருமையா வேற சொல்லிப்பாங்க. இதைக் கத்துக்கொடுக்கிற வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை.

நான் சொல்ல வர்றது: இது தப்பு. அந்தத் துப்பாக்கி அவர் கையில நல்லாவே ஓடலாம். ஆனா அந்தக் குறை எங்கே பிறந்ததோ அந்த இடத்துக்கு அதைப் பத்தின தகவல் போகவே இல்லை. மறைவா செஞ்ச சமாளிப்பு எதுவாக இருந்தாலும் ஒருநாள் அது கடனாகத் திரும்பி வரும். இதுக்கு லிவர் ஆக்‌ஷன் ரைஃபிளை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

"துப்பாக்கியைப் பத்தி எல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. நான் துப்பாக்கி ஆதரவாளன் இல்லை. ஆனா மெக்கானிக்கல் படிக்கிற நம்ம எல்லாரும் பரீட்சைக்கு எழுதுகிற டாலரன்ஸ், கேஜ், இன்டர்சேஞ்சபிலிட்டி எல்லாமே வளர்ந்தது துப்பாக்கிப் பட்டறையில்தான். அந்தப் பாடம் எப்படித் தோற்றுப்போகும் என்பதையும் அதே பட்டறைதான் காட்டியிருக்கு.

முதல்ல இது எப்படி வேலை செய்யுது?

கௌபாய் படங்கள்ல பார்த்திருப்பீங்க. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுப்பாங்க. அந்த வளையம்தான் லிவர்.

லிவரைக் கீழே தள்ளும்போது போல்ட் பின்னாடி போகும். சுட்டு முடிந்த காலிக் கூட்டை வெளியே எறியும். போகிற போக்கிலேயே ஹாமரையும் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும். பேரலுக்கு அடியில் ஒரு குழாய் இருக்கு. அதுலதான் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு தோட்டா வெளியே வந்து கேரியர் என்கிற சின்னத் தட்டின் மேல் உட்காரும். கேரியர் அதை மேலே தூக்கும். லிவரை மேலே இழுத்தால் போல்ட் முன்னாடி வந்து தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும். கடைசியா லாக்கிங் போல்ட் மேலே ஏறிப் பூட்டிக்கொள்ளும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள்.

கவனிங்க, இதுல லிவர், போல்ட், கேரியர், லாக்கிங் போல்ட், ரிசீவர் என்று குறைந்தது அஞ்சு பாகம் ஒன்றோடு ஒன்று உரசிக்கிட்டு, நேரத்துக்கு நேரம் சொன்ன இடத்துல இருக்கணும். ஒரு பேச்சுக்கு ஒவ்வொன்றிலும் ±0.05 மில்லிமீட்டர் பிழை என்று வையுங்க. அஞ்சும் ஒரே பக்கமா சாய்ந்தா மொத்தம் ±0.25 மில்லிமீட்டர். செகண்ட் இயர்ல படிச்ச டாலரன்ஸ் ஸ்டாக்-அப் இதுதான். தனித்தனியா எடுத்து அளந்தா அஞ்சு பாகமும் பாஸ். மாட்டிப் பார்த்தா தோட்டா சிக்கும்.

இதுல பேர் வாங்கின ஒரு கோளாறுகூட இருக்கு. அமெரிக்கர்கள் அதை 'மார்லின் ஜாம்' என்பார்கள். லிவரில் இருக்கிற ஒரு கூர்மையான ஓரம், ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கேரியரின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டும். அங்கே ஒரு பள்ளம் விழுந்ததும் கேரியர் இருக்க வேண்டிய உயரத்தில் நிற்காது. அடுத்த தோட்டா அதுக்கு அடியில் நழுவிப்போய் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். அந்த ஓரத்தைத் தொழிற்சாலையிலேயே மழுக்கி அனுப்பியிருந்தா இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைஞ்சிருக்கும். ஒரு நிமிஷ வேலை.

வி-ஃபிட்டிங்கும் கனெக்டிகட்டும்

ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்பை ஞாபகப்படுத்திக்கோங்க. ஃபிட்டிங் ஷாப்ல ரெண்டு எம்.எஸ். தகடு கொடுத்து வி-ஃபிட்டிங் பண்ணச் சொல்வாங்க. மணிக்கணக்கா அரத்தால ராவி, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, மறுபடி ராவி, ஒரு வழியா ரெண்டும் பொருந்தும். ஆனா உங்க ஆண் துண்டைப் பக்கத்து பெஞ்சு நண்பனோட பெண் துண்டுல வெச்சுப் பாருங்க. பொருந்தாது. உங்க துண்டு உங்க துண்டுக்கு மட்டும்தான் ஜோடி.

18-ஆம் நூற்றாண்டு முடிகிற வரைக்கும் உலகத்துல பெரும்பாலான துப்பாக்கி அப்படித்தான் செய்யப்பட்டது. ஒன்று உடைந்தால் இன்னொன்றின் பாகத்தைப் போட முடியாது. 1798-இல் எலை விட்னி 10,000 மஸ்கட் செய்து தருவதாக அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டார். பட்டறை இருந்தது கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவனுக்குப் பக்கத்தில். பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்த முடியும் என்று 1801-இல் வாஷிங்டனில் தலைவர்கள் முன்னாடி செய்தும் காட்டினார். ஆனா அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பாகங்கள் உண்மையில் அப்படி மாறிப் பொருந்தவில்லை என்று சொன்னார்கள். உண்மையா அதைச் சாதிக்க ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால் என்பவர் 1820-களில் கேஜ் மேல கேஜ் வெச்சு உழைக்க வேண்டியிருந்தது.

மாறிப் பொருந்தும் பாகம் என்ற வாக்குறுதி ஆரம்பத்திலிருந்தே பேச்சில் சுலபம், இரும்பில் கஷ்டம். நடுவுல இருக்கிற இடைவெளியை ஃபிட்டரின் அரம்தான் நிரப்பியது.

விலையைக் குறைத்த வின்செஸ்டர்

அதே நியூ ஹேவன் ஊரில் இருந்த வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 94, ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1894-இல் வந்தது. அமெரிக்காவின் மான் வேட்டைத் துப்பாக்கி என்றாலே அதுதான் என்கிற அளவுக்குப் பேர் வாங்கியது.

1964-இல் கம்பெனி செலவைக் குறைக்க டிசைனை மாற்றியது. கடைந்து செய்த கேரியருக்குப் பதிலா தகட்டை அடித்து வளைத்த கேரியர். திருகாணி இருந்த இடங்களில் சுருட்டிய ரோல் பின். ரிசீவரின் உலோகமும் மாறியது. பழைய நீலக்கறுப்புப் பூச்சு அதில் சரியா ஏறவில்லை. ஓட்டத்தில் பெரிய குறை இல்லாத துப்பாக்கிகூட கையில எடுத்தா தகரம் மாதிரி தோணுச்சு என்பது வாங்கினவங்க தீர்ப்பு. இன்னிக்கும் பழைய துப்பாக்கிச் சந்தையில் '64-க்கு முந்தையது' என்று சொன்னாலே விலை ஏறும். கம்பெனி அடுத்த வருஷங்களில் பல மாற்றங்களைச் சரி பண்ணியும் அந்த வருஷ எண் ஒரு தழும்பு மாதிரி நின்னுடுச்சு. அந்த நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-இல் மூடப்பட்டது.

இது ஒரு வகைத் தோல்வி. தெரிந்தே டிசைனில் கை வைத்தது. ஆனா இதை ஓரளவு சுலபமா புரிஞ்சுக்கலாம். அடுத்து வரும் கதையில் டிசைனை யாரும் மாற்றவே இல்லை. இருந்தும் தரம் போச்சு.

மார்லின்: டிராயிங்ல இல்லாத கைப்பக்குவம்

ஜான் மார்லின் 1870-இல் நியூ ஹேவனில் ஆரம்பித்த கம்பெனி மார்லின். வின்செஸ்டரின் நேர் போட்டியாளர். பழைய வின்செஸ்டர் 94 காலிக் கூட்டை மேலே எறியும். மார்லின் பக்கவாட்டில் எறியும். அதனால மேலே டெலஸ்கோப் மாட்டுவது சுலபம். 1948-இல் வந்த மாடல் 336 லட்சக்கணக்கில் விற்றது. பிற்காலத்தில் தொழிற்சாலை பக்கத்திலேயே நார்த் ஹேவன் என்ற ஊரில் இருந்தது.

2007 கடைசியில் மார்லினை ரெமிங்டன் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ரெமிங்டனின் பின்னாடி இருந்தது செர்பெரஸ் என்கிற முதலீட்டு நிறுவனம். 2010-இல் நார்த் ஹேவன் தொழிற்சாலையை மூடப்போவதாகச் சொன்னார்கள். சுமார் 265 பேருக்கு வேலை போச்சு. இயந்திரங்கள் லாரி ஏறி, நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் இருந்த ரெமிங்டன் தொழிற்சாலைக்குப் போயின. 2011-க்குள் நார்த் ஹேவன் காலி.

இயந்திரம் போச்சு. டிராயிங் போச்சு. ஆள் மட்டும் போகலை.

இலியனில் இருந்து முதல் சில வருஷங்களில் வந்த துப்பாக்கிகள்தான் நான் மேலே சொன்ன லட்சணம். சாய்ந்த சைட், கட்டையில் இடைவெளி, உள்ளே பிசிறு, சிக்கும் தோட்டா. வாங்கினவங்க ரெமிங்டனையும் மார்லினையும் சேர்த்து 'ரெம்லின்' என்று கிண்டலா பேர் வெச்சாங்க. பழைய தொழிற்சாலையில் செய்த பேரல்களில் ஜே.எம். என்று ஒரு சின்ன முத்திரை இருக்கும். ஜான் மார்லினின் முதலெழுத்து. கடையில துப்பாக்கியை எடுத்தா விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த முத்திரையைத் தேடுகிற பழக்கம் அப்போதான் வந்தது.

என்ன ஆச்சு? துப்பாக்கித் துறையில் பரவலா சொல்லப்பட்ட விளக்கம் இது. நார்த் ஹேவன் இயந்திரங்களில் பல ரொம்பப் பழசு, தேய்ந்துபோனவை. பாகங்கள் டிராயிங்கில் இருந்தபடி வரவில்லை. ஆனா அதை ஓட்டினவங்களுக்கு அந்த இயந்திரத்தின் குணம் தெரியும். ஒரு கற்பனை உதாரணம் சொல்றேன். ஒரு மில்லிங் மெஷின் இடது கோடியில் 0.02 மில்லிமீட்டர் அதிகமா வெட்டுதுன்னு வெச்சுக்கோங்க. முப்பது வருஷம் அதோட வாழ்ந்தவர் அந்தப் பக்கம் ஒரு மெல்லிய தகடு ஷிம் வெச்சு ஓட்டுவார். அடுத்த பெஞ்சில் இருக்கிறவருக்கு "இந்த மெஷின்ல வந்த கேரியரை ரெண்டு இழுப்பு ராவினா போதும்" என்று தெரியும். ரெண்டும் எங்கேயும் எழுதப்படலை. டிராயிங்கில் வேற அளவு, இரும்பில் வேற அளவு. நடுவுல ரெண்டு மனுஷங்க.

நம்ம வீட்டுல இதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. கைப்பக்குவம். பாட்டி குழம்புக்கு அளவு கேட்டா "கண்ணளவுதான்" என்பாங்க. அதே மிளகாய், அதே புளி, அதே சட்டியை எடுத்துக்கிட்டு வேற வீட்டுக்குப் போனா அந்தக் குழம்பு வராது. மார்லினில் சட்டி மட்டும் இலியனுக்குப் போச்சு.

கைப்பக்குவத்தை நான் குறைச்சுப் பேசலை. அந்த 265 பேரும் திறமைசாலிகள் என்பதுக்கு, அவங்க போனதும் தரம் போனதே சாட்சி. அவங்களைப் பிடிச்சு வைக்காதது நிர்வாகத்தின் குற்றம். ஆனா இன்னொரு கேள்வியும் கேட்கணும். அத்தனை வருஷம் அந்த ஷிம், அந்த ரெண்டு இழுப்பு, ஏன் ஒரு தாள்லகூட ஏறலை? குறையைக் கண்டுபிடிச்சவங்க அங்கேயே சரி பண்ணிட்டாங்க. வெளியே போன துப்பாக்கி நல்லா இருந்தது. அதனால மேலே இருந்தவங்க கண்ணுக்கு இயந்திரம் நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சது. புது இயந்திரம் வாங்கணும், டிராயிங்கைத் திருத்தணும் என்ற அவசரமே வரலை. சமாளிப்பு நல்லா இருந்ததால்தான் கடன் இவ்வளவு பெருசா வளர்ந்தது.

இப்போ அந்த மேஜைக்குத் திரும்புவோம்

புது துப்பாக்கி வாங்கி, வீட்டு மேஜையில அரத்தோட உட்கார்ந்திருக்கிறவர் யார்? நார்த் ஹேவன் ஃபிட்டரின் வேலையைச் சம்பளம் இல்லாமல், காசும் கொடுத்துப் பண்ணிக்கிட்டு இருக்கிறவர். அவர் ராவின ரெண்டு இழுப்பும் எங்கேயும் பதிவாகலை. தொழிற்சாலைக் கணக்குப்படி அந்தத் துப்பாக்கி புகார் இல்லாத துப்பாக்கி. நூறு பேர் இப்படி வீட்டிலேயே ராவிட்டா, நூறும் நல்ல துப்பாக்கி என்றுதான் ரிப்போர்ட் போகும்.

எதிர்வாதம் என்னன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொன்னா பார்க்கலாம்.

முதல் வாதம்: "திருப்பி அனுப்பினா வாரக்கணக்காகும். வேட்டைப் பருவமே கொஞ்ச நாள்தான்." உண்மைதான். வருஷம் முழுக்க காத்திருந்தவர்கிட்ட போய் "அனுப்பு, காத்திரு" என்று சொல்றது எனக்கு சுலபம். ஆனா இதுக்குப் பதில் வாங்குகிற இடத்துல இருக்கு. கடையிலேயே, விற்பவர் அனுமதியோட, துப்பாக்கி காலியா இருக்குன்னு ரெண்டு தடவை உறுதி பண்ணிட்டு, ரெண்டு சைட்டும் ஒரே கோட்டில் நிற்குதா, கட்டை இரும்போட ஒட்டியிருக்கா, லிவர் எங்கேயும் தட்டாம போய் வருதா என்று பார்க்கலாம். அஞ்சு நிமிஷம் ஆகும். சரியில்லைன்னா அதை வாங்காம வெச்சுட்டு வரலாம். கடைக்காரர் அலமாரியில் விற்காம நிற்கிற துப்பாக்கியும் தொழிற்சாலைக்குப் போய்ச் சேருகிற ஒரு புகார்தான்.

ரெண்டாவது வாதம்: "லிவர் ஆக்‌ஷன் அப்படித்தான், ஓட ஓட சரியாயிடும்." பாதி உண்மை. உரசும் பரப்புகள் ஓட்டத்தில் வழவழப்பாகும், சரி. ஆனா சாய்ந்த சைட் ஓட ஓட நிமிராது. கட்டை இடைவெளி மூடாது. கேரியரைச் சுரண்டுகிற ஓரம் ஓட ஓட இன்னும்தான் சுரண்டும். எந்தக் குறை ஓட்டத்தில் குறையும், எது வளரும் என்று பிரிச்சுப் பார்க்காம எல்லாத்துக்கும் ஒரே சமாதானம் சொல்லக்கூடாது.

மூணாவது வாதம் எனக்கே பிடிச்ச வாதம்: "தன் பொருளைத் தானே ரிப்பேர் பண்றது நல்ல பழக்கம்தானே?" ஆமாம், நல்ல பழக்கம். பத்து வருஷம் ஓடித் தேய்ஞ்ச பாகத்தை மாத்துறது ரிப்பேர். பெட்டியில இருந்து எடுத்த அன்னிக்கே அரம் பிடிக்கிறது ரிப்பேர் கிடையாது. அது தொழிற்சாலை பாக்கி வெச்ச வேலை. ரெண்டுக்கும் ஒரே பேர் கொடுத்தா தப்பு பண்ணவங்க சந்தோஷமா தப்பிச்சிடுவாங்க.

இதுல பாதுகாப்பும் இருக்கு. விசையும் ஹாமரும் ஒன்றையொன்று பிடிக்கிற அந்தச் சின்ன விளிம்பை வீட்டில் ராவினா, கை படாமலே வெடிக்கிற துப்பாக்கி உருவாகலாம். அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் தவிர யாரும் அதைத் தொடவே கூடாது. அப்படித் தொட்டபின் வாரண்டியும் கேட்க முடியாது. தப்பு யாருடையது என்று நிரூபிக்கவும் முடியாது.

கேட்க ஆள் இல்லாத பொருள்

இந்த இடத்துல ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. அமெரிக்காவில் காரில் குறை இருந்தா திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு போட ஒரு அரசு அமைப்பு இருக்கு. மிக்ஸி, பொம்மை, தொட்டில் போன்ற வீட்டுப் பொருட்களுக்கு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கு. 1972-இல் வந்த சட்டம் அது. ஆனா அந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்து துப்பாக்கிக்கு விலக்கு. பொம்மைத் துப்பாக்கியை அந்த ஆணையம் திரும்பப் பெறச் சொல்லலாம். நிஜத் துப்பாக்கியைச் சொல்ல முடியாது. கம்பெனி தானா முன்வந்து அறிவிச்சாதான் உண்டு. இல்லைன்னா பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகணும்.

அப்போ குறை பற்றிய தகவல் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர இருக்கிற முக்கிய வழி, வாங்கினவர் திருப்பி அனுப்புவது. அங்கே சட்டப்படி உரிமையாளர் தன் துப்பாக்கியை ரிப்பேருக்காகத் தயாரிப்பாளருக்கு நேரடியாகவே அனுப்பலாம். ஆக, சட்டத்துல இருக்கிற ஓட்டையை உரிமையாளர்களின் பொறுமைதான் அடைக்கணும். இது நியாயமான ஏற்பாடா? என்னைக் கேட்டா இல்லை. ஒரு மிக்ஸிக்கு இருக்கிற கேள்வி கேட்பு துப்பாக்கிக்கும் இருக்கணும். ஆனா சட்டம் மாறுகிற வரைக்கும் மேஜை மேல அரம் எடுக்கிறவர், இருக்கிற அந்த ஒரு வழியையும் அடைச்சிடுறார்.

எப்படி அனுப்பணும் என்பதும் முக்கியம். "சரியில்லை, மாத்திக் கொடு" என்றால் பயன் குறைவு. சீரியல் நம்பர், எத்தனையாவது தோட்டா சிக்கியது, எந்த வகைத் தோட்டா, லிவர் எந்த நிலையில் நின்னுச்சு, போட்டோ. நம்ம லேப் அப்சர்வேஷன் நோட்டில் எழுதற மாதிரி. திரும்பி வரும்போது என்ன மாற்றினீங்க என்று எழுத்தில் கேட்டு வாங்கணும். அப்போதான் அங்கே ஒரு தாள் உருவாகும். நார்த் ஹேவனில் உருவாகாத அந்தத் தாள்.

தாமதமாக வந்த நல்ல பதில்

கதை இலியனோட முடியலை. ரெமிங்டன் பின்னாடி டிராயிங்களைத் திருத்தி, புது இயந்திரங்கள் போட்டு, தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கியது. கடைசி வருஷங்களின் துப்பாக்கிகள் முன்னை விட நல்லா இருந்தன என்று பலரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா ரெமிங்டன் 2018-இல் ஒருமுறை, 2020-இல் மறுமுறை திவால் நீதிமன்றம் போனது. 2020 ஏலத்தில் மார்லினை ரூகர் கம்பெனி சுமார் 30 மில்லியன் டாலருக்கு எடுத்தது.

ரூகர் செஞ்சதுல எனக்குப் பிடிச்சது, அவசரப்படாதது. வாங்கின கையோட பழைய இயந்திரத்தை ஓட்டிப் பொருளைக் கடைக்கு அனுப்பலை. நார்த் கரோலினாவின் மேயோடன் ஊரில் இருந்த தன் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து, சி.என்.சி. இயந்திரங்களில் எப்படிச் செய்வது என்று பாகம் பாகமா வகுத்தது. முதல் துப்பாக்கி வெளியே வர 2021 டிசம்பர் ஆச்சு. ஏலம் முடிந்து ஒரு வருஷத்துக்கும் மேல. அதுவும் 1895 எஸ்.பி.எல். என்ற ஒரே மாடல். புகழ்பெற்ற 336 மீண்டும் வந்தது 2023-இல்தான். அதுவரைக்கும் அந்தப் பேருக்கு இருந்த கிராக்கியை விட்டுட்டு காத்திருந்தாங்க. வந்த துப்பாக்கிக்கு வரவேற்பு நல்லாவே இருந்தது.

ரூகர் துப்பாக்கியில் குறையே வராதுன்னு நான் சொல்லலை. எந்தத் தொழிற்சாலையிலும் வரும். வித்தியாசம், கைப்பக்குவமா இருந்ததை எண்ணா மாத்தினதுல இருக்கு. குறை வந்தா எந்த இயந்திரம், எந்த ப்ரோக்ராம், எந்த அளவு என்று தேடிப் போக முடியும். திரும்பி வர்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அங்கே ஒரு அர்த்தம் இருக்கும்.

நம்ம பக்கம்

இதெல்லாம் கனெக்டிகட் கதைன்னு விட்டுட முடியலை. ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்கு முந்தின ராத்திரி நம்ம வொர்க்‌ஷாப் பக்கம் போய்ப் பாருங்க. ஷாஃப்ட் பேரிங்ல ஏறாது. உப்புத்தாள் வரும். ப்ளேட்டில் ஓட்டை நாலு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். ரவுண்டு ஃபைல் வரும், வட்ட ஓட்டை நீள ஓட்டை ஆகும். காலையில் மாடல் ஓடும், கைதட்டல் கிடைக்கும். ரிப்போர்ட்ல மட்டும் பழைய டிராயிங் அப்படியே, ஹெச்7 ஜி6 ஃபிட்டோட அழகா உட்கார்ந்திருக்கும். அடுத்த பேட்ச் ஜூனியர்கள் அந்த ரிப்போர்ட்டை நம்பி மறுபடி செய்வாங்க. மறுபடி ஏறாது. நாம சின்ன அளவுல ஒரு நார்த் ஹேவனை நடத்திக்கிட்டு இருக்கோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு உப்புத்தாள் எடுக்காதீங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. மாடல் ஓடித்தான் ஆகணும், மார்க்கும் வேணும். எடுங்க, தேய்ங்க. ஆனா தேய்ச்சு முடிச்சதும் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டர்ல ஒருதரம் அளந்து, வந்த எண்ணை டிராயிங்ல சிவப்பு மையில எழுதுங்க. ஏன் தேய்க்க வேண்டி வந்ததுன்னு ஒரு வரி. அந்தச் சிவப்புத் தாளை ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கமா பைண்ட் பண்ணுங்க. கைடு முகம் சுளிச்சா, மார்லின் கதையைச் சொல்லுங்க.

இன்னும் சில மாசத்துல நம்மள்ல சிலர் ஸ்ரீபெரும்புதூர்லயோ கோயம்புத்தூர்லயோ ஏதோ ஒரு லைன்ல ட்ரெய்னியா நிற்கப் போறோம். அங்கேயும் ஒரு பழைய மெஷின் இருக்கும், அதோட குணம் தெரிஞ்ச ஒரு அண்ணன் இருப்பார். முதல் வாரமே அவர்கிட்ட போய் உட்காருங்க. அவர் எங்கே ஷிம் வெக்கிறார், எதை ராவுறார், ஏன் என்று கேட்டு, அவர் பேரையும் போட்டு எழுதி வையுங்க. அவர் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி.